பூட்டிய மாடியும் மூன்று வணக்கங்களும்

ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய விழாவை ஆறே முக்காலுக்கேனும் தொடங்கி வைத்து, அவைக்குத் தலைமை தாங்கியிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் ஐயா வானமாமலை அவர்களே, மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழுப் பெருமக்களே, வெறுங்கையோடு ரயிலிறங்கி இந்தத் தாராவியில் வீதிகளை உண்டாக்கிய வியர்வைக்குச் சொந்தக்காரர்களான பெரியோர்களே, விடியுமுன் எழுந்து விளக்கேற்றிய பின்னும் ஓயாத தாய்மார்களே, ஆண்டாப் ஹில்லிலிருந்தும் வடாலாவிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் உறவுகளே, தமிழைக் காதால் அறிந்து கண்ணால் அறியாத இளைய செல்வங்களே, அது உங்கள் குற்றமன்று, எங்கள் குற்றம், உங்கள் அனைவரின் பொற்பாதங்களுக்கும் இந்தப் பிரேமலதாவின் பணிவான வணக்கம்.

என்னை அறியாதவர் சிலர் இருக்கலாம். வடாலா ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் இருபத்தொன்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவள் நான். இந்தச் சங்கத்தின் துணைச் செயலாளர். இன்று எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு "வீரமங்கை மாலதிக்கு வாழ்த்துரை". அளிக்கப்பட்ட நேரம் பத்து நிமிடம். அதற்குள் முடிப்பேன் என்று வாக்குக் கொடுத்துதான் வந்தேன். வரும் வழியில், தொண்ணூறு அடி ரோட்டு முனையில், நம் சங்கம் கட்டியிருக்கும் பேனரைப் பார்த்தேன். அந்த வாக்கை அங்கேயே விட்டுவிட்டேன்.

பேனரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தலைவர் படம், செயலாளர் படம், பொருளாளர் படம், குழுவினர் எண்மரின் படம், ஆமாம், என் படமும்தான். அத்தனை முகங்களுக்கும் அடியில், மூலையில், தபால் தலை அளவில் ஒரு பெண்ணின் முகம். அவளுக்குத்தான் விழா. அதன் கீழே கொட்டை எழுத்தில் "கராத்தே வீராங்கனை".

பெருமக்களே, மாலதி கற்றது கராத்தே அன்று. அவள் கற்றது முவாய் தாய். தாய்லாந்து நாட்டின் தற்காப்புக் கலை.

பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்ததே, அது யார்? வேண்டாம், எழ வேண்டாம், உட்காருங்கள். தாய்லாந்து என்றவுடன் உங்கள் உதட்டில் ஏன் சிரிப்பு வந்தது என்பது எனக்குத் தெரியும். உங்கள் மனைவிக்கும் தெரிந்திருக்கும். ஒரு தேசத்தின் பெயரைக் கேட்டால் மசாஜ் கடை மட்டும் நினைவுக்கு வருமானால், குறை அந்தத் தேசத்திலா இருக்கிறது? தாராவி என்று நாம் சொன்னால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிறார்களே, அப்போது உங்களுக்கு எப்படி எரிகிறது? நம் மொழியில் அந்த நாட்டின் பெயரிலேயே ஒரு தாய் இருக்கிறாள். அவர்கள் மொழியிலோ அந்தச் சொல்லுக்கு விடுதலை பெற்றவர் என்று பொருள் சொல்கிறார்கள். தாய் என்றாலும் தலை தாழலாம், விடுதலை என்றாலும் தலை தாழலாம். சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

அந்தக் கலையை நம் தெருவுக்குக் கொண்டு வந்தவர் ராஹில். மூன்றாம் வரிசையில் சுவரோரமாக நிற்கிறாரே, நாற்காலி கொடுத்தும் உட்காராமல், அவர்தான். அவர் தந்தையின் தோல்பைப் பட்டறை குறுக்குச் சந்தில் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் பை விற்க பாங்காக் போனவர், தங்கிய அறைக்குக் கீழே ஒரு பயிற்சிக் கூடம் இருந்ததால், மூன்றாண்டு அங்கேயே நின்றுவிட்டார். பகலில் பை வியாபாரம், காலையில் பயிற்சி.

அவர் எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன். வாளும் வேலும் கைவிட்டுப் போன போர்வீரன் வெறும் உடம்போடு எதிரியைச் சந்திக்க வேண்டிய நேரத்துக்காகப் பிறந்த கலை அது. இரண்டு கை, இரண்டு முழங்கை, இரண்டு முட்டி, இரண்டு கணைக்கால் என்று எட்டு உறுப்பும் ஆயுதம். அந்நாளில் கையுறை ஏது? கயிற்றைச் சுற்றிக்கொண்டு மோதினார்கள். சுமார் நூறாண்டுக்கு முன்னர்தான் கட்டிய களமும், கையுறையும், சுற்றுக் கணக்கும் வந்தன. அதுவும் ஒருவன் களத்திலேயே உயிர்விட்ட பிறகு.

ஆனால் தாய்மார்களே, இந்தக் கலை அடியில் தொடங்குவதில்லை, வணக்கத்தில் தொடங்குகிறது. களத்தில் ஏறியவர் மண்டியிட்டு மூன்று முறை தலை தாழ்த்துவார். கற்றுக்கொடுத்தவருக்கு, தனக்கு முன்னால் இந்தக் கலையைக் காத்தவருக்கு, பெற்றவருக்கு. பிறகு எழுந்து, நான்கு திசையும் சுற்றி, நிதானமாக ஒரு நடனம். குழலும் மத்தளமும் தாளமும் கூடவே ஒலிக்கும். குரு கட்டிய தலைக்கயிற்றைக் குருவே வந்து கழற்றிய பிறகுதான் முதல் அடி. புஜத்தில் ஒரு துணிப் பட்டை கட்டுவார்கள். தாயின் உடுப்பிலிருந்து கிழித்த துணி என்றால் அதற்குத் தனி மதிப்பாம்.

ஒரு கதையும் உண்டு. வரலாறா என்று சத்தியம் செய்ய மாட்டேன், அந்த நாடு அதை வணங்கிப் போற்றுகிறது, அவ்வளவே. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தலைநகரம் எரிந்து, பர்மிய மன்னனிடம் கைதியாகப் போனான் ஒரு வீரன். நாய் கனோம் தோம் என்று பெயர். எங்கள் வீரனோடு மோது என்றான் மன்னன். அவன் உடனே மோதவில்லை. எதிரியின் அரண்மனையில், எதிரியின் மண்ணில் மண்டியிட்டு, தன் குருவை வணங்கி, அந்த நடனத்தை ஆடினான். பார்த்தவர்கள் மிரண்டு போனார்கள். இது மந்திரம், இது சூனியம் என்றார்கள். பிறகு அவன் ஒன்பது பேரையோ பத்துப் பேரையோ அடுத்தடுத்து வீழ்த்தினான் என்கிறது கதை.

வணக்கத்தைப் பார்த்துச் சூனியம் என்றது அந்தக் காலத்து அரண்மனை. இந்தக் காலத்துத் தாராவி என்ன சொன்னது? அதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

இரண்டாண்டுக்கு முன் ராஹில் நம் சங்கத்திடம், இதோ நம் தலைக்கு மேலிருக்கும் மாடிக் கூடத்தைக் காலை இரண்டு மணி நேரம் கேட்டார். கொடுத்தோம். பட்டறையில் வெட்டியெறிந்த தோல்துண்டுகளைத் திணித்து அவரே தைத்த உதைபையை உத்தரத்தில் தொங்கவிட்டார். ஒரு நாள் காலையில் கையுறைப் பெட்டி ஒன்று பார்சலில் வந்தது. அதைக் கொண்டு வந்து கொடுத்த கூரியர் பெண்தான் மாலதி. வயது பதினெட்டு. தகப்பன் இல்லை. மாட்டுங்கா மெஸ் ஒன்றில் பாத்திரம் துலக்கும் இசக்கியம்மாளின் மகள்.

"கையெழுத்துப் போடுங்க பாய்" என்றாள். அவர் போட்டார். அவள் போகவில்லை.

"இது என்ன பாய், பாக்சிங்கா?"

"கையோட நிக்காது, எட்டும் பேசும்" என்றார் ராஹில்.

"நான் வரலாமா? ஏழரைக்கு டூட்டி."

"செருப்பக் கழட்டிட்டு வா. ஆறுக்கு."

அடுத்த நாள் ஐந்தே முக்காலுக்குக் கதவடியில் நின்றாள் அந்தப் பெண். ஓராண்டு, ஒரு நாள் தவறாமல் நின்றாள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். யாரோ ஒருவர் செல்போனில் ஒரு வீடியோ எடுத்தார். மாலதி மண்டியிட்டுத் தலை தாழ்த்துகிறாள், எதிரே ராஹில் நிற்கிறார், பதினோரு விநாடி. அந்தப் பதினோரு விநாடி வாட்ஸாப்பில் ஊர் சுற்றியது. நம் பக்கத்துக் குழுக்களில் என்ன எழுதினார்கள்? ஒரு முஸ்லிம் வாத்தியார் நம் பெண்ணுக்குத் தொழுகை பழக்குகிறார். ராஹிலின் உறவுக்காரர்கள் குழுவில் என்ன எழுதினார்கள்? மனிதன் காலில் மனிதனை விழச் செய்கிறான், மார்க்கத்துக்கு விரோதம். பார்த்தீர்களா பெருமக்களே, எந்த விஷயத்திலும் ஒன்றுசேராத இரு தரப்பும் ஒரு பெண்ணின் குனிந்த தலைக்கு எதிராக ஒன்றுசேர்ந்த அதிசயத்தை? ஒருவராவது மாடிப்படி ஏறிப் போய், அம்மா, நீ யாரை வணங்குகிறாய் என்று அவளைக் கேட்டாரா?

கேட்கவில்லை. மனு எழுதினோம். "மாடிக் கூடத்தில் நம் பண்பாட்டுக்கு ஒவ்வாத வெளிநாட்டு வழிபாடு நடைபெறுவதால்" என்று தொடங்குகிறது. பதினான்கு கையெழுத்து. கூட்டம் நடந்தது கால் மணி நேரம். அதில் பாதி நேரம் டீ. மறுநாள் விடியலில் ராஹில் வந்தபோது கதவில் புதுப் பூட்டு. அவர் தைத்த உதைபை உள்ளே. பிள்ளைகள் பன்னிரண்டு பேர் படிக்கட்டில். அவர் பூட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, "வாங்கடா, வேற இடம் பாப்போம்" என்றாராம். ஒரு கடுஞ்சொல் இல்லை. நான் அங்கே இருந்திருந்தால் நூறு சொல்லியிருப்பேன் என்று இப்போது வீரம் பேசலாம். ஆனால்...

இருங்கள். தலைவர் ஐயா ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். "பொது மேடையில் வீட்டு விஷயம் வேண்டாம்." நன்றி ஐயா. பேனர் கட்டியது பொது வீதியில் அல்லவா? பூட்டுப் போட்டது மட்டும் வீட்டு விஷயமா? ஐந்து நிமிடம் பொறுத்தருளுங்கள்.

ஆண்டாப் ஹில்லில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் பயிற்சி தொடர்ந்தது. மழை மாதங்களில் படிக்கட்டுத் திருப்பத்தில், இருவர் இருவராக. உதைபை இல்லை. ராஹில் தன் தொடையிலும் கையிலும் மெத்தை கட்டிக்கொண்டு தன்னையே உதைக்கச் சொன்னார்.

போன டிசம்பரில் மாலதி என் கவுண்டருக்கு வந்தாள். வரிசையில் நின்றுதான் வந்தாள். "அத்த, முலுண்ட்ல ஸ்டேட் செலக்‌ஷன் இருக்கு. க்ளப் லெட்டர் கேக்காவ. நம்ம சங்கத்து லெட்டர்பேட்ல ஒரு வரி போதும்" என்றாள்.

"கமிட்டியில வைக்கேன்மா" என்றேன்.

வைத்தேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். அந்த அடுத்த கூட்டம், அருமைப் பெரியோர்களே, இன்றுவரை வரவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. இசக்கியம்மாள் என் வீட்டு வாசலில் நின்றாள். "எக்கா, அந்த ஸ்டேஷன் எனக்குப் பிடிபடாது. கூட வாரியளா? எம் மவ அடி வாங்கயில நான் மட்டும் எப்படித் தனியா பாப்பேன்?" வடாலாவில் ஏறி, குர்லாவில் மாறி, முலுண்டில் இறங்கும் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் அவள் சேலையில் கிழித்த ஒரு பட்டை.

அங்கே நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். மாலதியின் எடை நாற்பத்தெட்டு. அவளோடு மோத வேண்டியவள் வரவில்லை. மேசையில் இருந்த அதிகாரி, ஐம்பத்துநான்கு எடையில் உள்ள ஒரு பெண்ணோடு அவள் பெயரைச் சேர்த்துவிட்டார். ராஹில் போய், ஆறு கிலோ அதிகம், இது விதியில் இல்லை என்றார். அதிகாரி தலை நிமிரவில்லை. "க்ளப் கா லெட்டர் கஹான் ஹை? தாராவி? கேல்னா ஹை தோ கேலோ, நஹீ தோ கர் ஜாவோ." உங்களுக்கு நான் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஆனாலும் அந்த அவமானத்தைத் தமிழிலும் ஒருமுறை கேளுங்கள். உன் சங்கத்தின் கடிதம் எங்கே? மோதுவதானால் மோது, இல்லையானால் வீட்டுக்குப் போ.

கடிதம் எங்கே? எவ்வளவு நியாயமான கேள்வி. அந்த அதிகாரி யார், எந்த அமைப்பு என்று இங்கே சொல்ல மாட்டேன், அந்த வழக்கை வேறிடத்தில் பார்த்துக்கொள்வேன். ஆனால் ஒரு பெண்ணை எவனும் எப்படியும் உருட்டலாம் என்ற துணிவை அவர் கையில் கொடுத்தது யார்? அவளுக்குப் பின்னால் எந்த வாசலும் இல்லை என்று அவருக்குக் காட்டியது யார்?

இன்னொன்றும் சொன்னார் அந்த அதிகாரி. நேரமில்லை, பெண்கள் பிரிவுக்கு அந்த நடனமெல்லாம் வேண்டாம். அது என்ன நியாயம்? தாய்லாந்தையும் நான் விட மாட்டேன். அந்த நாட்டிலேயே பெரிய களங்களில் பெண்ணை நெடுங்காலம் ஏற விடவில்லை. ஏற விட்ட இடங்களிலும் ஆண் மேல்கயிற்றைத் தாண்டிப் போகலாம், பெண் கீழ்க்கயிற்றுக்கு அடியில் தவழ்ந்து போக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கலை எவ்வளவு உயர்ந்ததானாலும் அதைக் காவல் காப்பவர் சிறியவராக இருந்தால் இதுதான் கதி.

மாலதி என்ன செய்தாள் தெரியுமா? வாதாடவில்லை. களத்தில் ஏறினாள். இசை இல்லை. கூட்டத்தில் பாதி பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். நடுவில் மண்டியிட்டாள். ஒன்று. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு. யாரோ விசில் அடித்தார்கள். மூன்று. மூன்றாவது முறை நெற்றி தரையைத் தொட்டபோது, என் பக்கத்தில் இருந்த இசக்கியம்மாள் முதல் முறையாக வாய் திறந்தாள். "அது எனக்கு" என்றாள்.

தாய்மார்களே, அந்த வணக்கத்தைத்தான் நாம் பூட்டினோம்.

மூன்று சுற்று. முதல் சுற்றில் அந்தப் பெரிய பெண் கழுத்தைப் பிடித்து இரண்டு முறை சாய்த்துவிட்டாள். ஆறு கிலோ என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரிந்தது. இரண்டாம் சுற்றில் மாலதி காலை நீட்டித் தள்ளித் தள்ளி, அவளைக் கிட்டே நெருங்க விடவில்லை. மூன்றாம் சுற்றில் உதடு கிழிந்தது. இசக்கியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. தீர்ப்பு மற்றவளுக்குப் போனது. மாலதி எழுந்து போய் அவளையும் அவள் பயிற்சியாளரையும் கைகூப்பி வணங்கினாள்.

அந்தப் பெண்ணின் பெயர் தேஜல். முலுண்டில் வளர்ந்த மராட்டிப் பெண். மாலதியைக் கட்டிப்பிடித்தவள் அப்படியே நின்றாள். "தேரா வெயிட் கித்னா ஹை?" என்று எடையைக் கேட்டாள்.

"நாற்பத்தெட்டு."

தேஜல் நேராக அதிகாரியின் மேசைக்குப் போனாள். மெடலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இவள் என் ஜோடி இல்லை, இது எனக்கு வேண்டாம் என்றாள் மராட்டியில். உட்கார், முடிவு அறிவித்தாகிவிட்டது என்றார்கள். அவள் உட்காரவில்லை. அவள் பயிற்சியாளரும் வந்து நின்றார். இன்னும் நான்கு க்ளப்காரர்கள் வந்து நின்றார்கள். அரை மணி நேரம் கழித்து முடிவை ரத்து செய்தார்கள். அடுத்த ஞாயிறு சரியான எடையில் மாலதிக்குச் சரியான போட்டி கிடைத்தது. மூன்று சுற்றிலும் வென்றாள். அடுத்த மாதம் தேசியப் போட்டிக்குப் போகிறாள்.

கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள். தேஜலுக்கும் சேர்த்துத் தட்டுங்கள். நம் மொழி தெரியாத, நம் தெரு தெரியாத, நம்மிடம் எந்தக் கடமையும் இல்லாத ஒரு பெண் தன் வெற்றியைத் திருப்பிக் கொடுத்தாள். நாம் ஒரு தாளில் ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. அவள் வென்று வந்த மூன்றாம் நாள் பேனர் அடித்தோம். இதற்குப் பெயர் பாராட்டா? இதற்குப் பெயர் பண்பாடா?

மாலதி எங்கே, மேடையில் நடு நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்று முன்வரிசையில் கேட்கிறார்கள். இன்று மதியம் நான் ஆண்டாப் ஹில் போயிருந்தேன். வெயிலில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். வா என்று அழைத்தேன். அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொல்கிறேன்.

"சால்வைய வச்சி நான் என்ன செய்ய அத்த? இந்தப் புள்ளைய மொட்ட மாடியில காலு சுட்டு நிக்கி. அந்த ஹாலைத் தொறந்து விடச் சொல்லுங்க. தொறந்தா நானே வாரேன், எல்லாருக்கும் கும்பிடு போடுதேன்."

"உனக்குக் கோவமே இல்லையாட்டி?" என்றேன்.

"இருக்கு. உங்க மேலயும் இருக்கு. கோவத்தோட உதைச்சா குறி தப்பும்னு ராஹில் பாய் சொல்லிருக்காவ."

என் மேலும் இருக்கிறதாம். ஏன் இருக்காது? சற்று முன் "ஆனால்" என்று நிறுத்தினேனே, அதை முடித்து விடுகிறேன். அந்த மனுவில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. வீடியோவைக்கூட நான் முழுதாகப் பார்க்கவில்லை. எல்லோரும் போடுகிறார்கள் என்று போட்டேன். ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்குச் சில்லறை சரிபார்த்துக் கொடுக்கிற இந்தக் கை, ஒரு பெண்ணின் ஓராண்டு உழைப்பைச் சரிபார்க்காமல் பூட்டியது. இவ்வளவு நேரம் உங்கள் மேல் கொட்டிய கோபத்தில் பெரும்பங்கு எனக்குரியது. அதை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

ராஹில் தம்பி, நீங்கள் சுவரோரம் நின்றது போதும். இத்தனை பேர் முன்னிலையில் உங்களிடமும், இசக்கியம்மாளே, உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்னும் பதின்மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. பெயர் சொல்ல மாட்டேன். அவரவர் கை அவரவருக்குத் தெரியும். திரும்பப் பெற விரும்புவோர் எழுந்து நின்றால் போதும், பேச வேண்டாம்.

ஒருவர். அங்கே ஒருவர். ஷேக் பரீத் அண்ணாச்சி, நீங்களும். ராஹிலின் உறவுக்காரர்கள் குழுவில் எழுதியதும் நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும், எழுந்து நிற்கவும் நீங்களே முந்திக்கொண்டீர்கள். மேடையில் நால்வர். பொருளாளர் ஐயா, உங்களுக்கும் நன்றி.

தலைவர் ஐயா அவர்களே. உங்களை அவமதிக்க நான் வரவில்லை. எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது உங்களால், வாசகசாலை வந்தது உங்களால். இந்த மாடிக் கூடத்தின் செங்கல்லை உங்கள் தோளில் சுமந்ததை என் கல்யாணத்துக்கு முன்பே பார்த்தவள் நான். அதனால்தான் கேட்கிறேன். எதற்காகச் சுமந்தீர்கள்? ஆண்டில் இரண்டு கூட்டம் போடவா? நம் பிள்ளைகள் நிமிரத்தானே?

... எழுந்துவிட்டார். சாவி பொருளாளரிடம் இருக்கிறது என்கிறார். போய் எடுத்து வரச் சொல்கிறார்.

பெருமக்களே, சற்று அமைதி. யாரும் முண்டியடிக்க வேண்டாம். மாலதிக்குப் போன் போட்டாயிற்று, பஸ் ஏறிவிட்டாளாம். பெரியவர்கள் முதலில், குழந்தைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், படிக்கட்டு குறுகல். கூடத்தில் ஓராண்டுத் தூசி இருக்கும். பெண்கள் மட்டும் பெருக்க வேண்டும் என்று சட்டமில்லை, நிர்வாகக் குழுவும் துடைப்பம் பிடிக்கலாம். விழாவின் மீதி நிகழ்ச்சி மாடியில் நடக்கும்.

கசப்பைக் கூச்சலிடாமல் கேட்ட உங்கள் பொறுமைக்கும், எழுந்து நின்ற ஒவ்வொரு நேர்மைக்கும், பேச விட்ட தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம். இசக்கியம்மா, நீங்கள் முன்னால் நடங்கள்.